குடிக்கலாம் என்று நான் சொன்ன தண்ணீர்

எங்கள் பக்கத்து ஊர்களில் தண்ணீர் இரண்டு வகை. ஒன்று நல்ல தண்ணீர். மற்றது உப்புத் தண்ணீர். யார் வீட்டுக்குப் போனாலும் குழாயைத் திறப்பதற்கு முன், “இது உப்பா, நல்லதா?” என்று கேட்டுக்கொள்வோம். வெளியூரிலிருந்து மணமாகி வரும் பெண்கள் முதல் வாரத்திலேயே இந்தக் கேள்வியைக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். என் மனைவி திருப்பத்தூரிலிருந்து வந்தவள். அவளும் அப்படித்தான் கற்றுக்கொண்டாள்.

நான் வேலூரில் வேதியியல் படித்துப் பட்டம் பெற்றவன். படிப்பு முடிந்ததும் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் சேர்ந்து, அதே ஆய்வகத்தின் பொறுப்பாளராக ஓய்வு பெற்றேன். ஊரில் எனக்குக் ‘கெமிஸ்ட் சார்’ என்று பெயர். அது யாரும் எனக்கு இனாமாகக் கொடுத்ததல்ல. சலவை செய்த சட்டையில்லாமல் நான் தெருவில் இறங்கியதில்லை; ஒருவரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை; தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொன்னதில்லை. தெரிந்த ஒன்றைத் தெரியாதவனைப் போல ஒரே ஒருமுறை நடந்துகொண்டேன். அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தெருவின் கோடியில் ஒரு பொதுக் கிணறு இருந்தது. தெரு முழுவதும் அதைத்தான் குடித்தது. சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு கிணறாக உப்பாகிக்கொண்டு வந்த காலத்தில் எங்கள் கிணறு மட்டும் தாக்குப்பிடித்தது. பிறகு ஒரு கோடையில் பெண்களுக்குச் சந்தேகம் வந்தது. பருப்பு வேகமாட்டேன் என்கிறது, சோப்பு நுரைக்கவில்லை, பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது என்றார்கள். தெருவிலேயே ஒரு கெமிஸ்ட் இருக்கும்போது வேறு யாரிடம் போவார்கள்? ஒரு சீசாவில் தண்ணீரைப் பிடித்து என்னிடம் கொடுத்தார்கள்.

மறுநாள் மதிய இடைவேளையில், ஆய்வகத்தில் யாரும் இல்லாதபோது அதைச் சோதித்தேன். பியூரெட் என்னும் நீண்ட கண்ணாடிக் குழாயிலிருந்து ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். கீழே குடுவையில் மஞ்சளாக இருக்கும் தண்ணீர் செங்கல் நிறத்துக்கு மாறும் இடத்தில் நிறுத்தவேண்டும். எவ்வளவு கரைசல் இறங்குகிறதோ அந்த அளவுக்குத் தண்ணீரில் உப்பு. நல்ல தண்ணீர் என்றால் சீக்கிரமே நிறம் மாறிவிடும். அன்று குழாய் காலியாகும்வரை விட்டேன். நிறம் மாறவில்லை. குடுவையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். நோட்டில் எதையும் எழுதவில்லை.

மாலையில் வீடு திரும்பியபோது வாசலில் ஐந்தாறு பெண்கள் நின்றிருந்தார்கள். என் மனைவி படியில் நின்றுகொண்டு எல்லோருக்குமாகச் சேர்த்து அவளே கேட்டாள்:

“இன்னாங்க, குடிக்கலாமா?”

“குடிக்கலாம்” என்றேன்.

கூடாது என்று சொல்லியிருந்தால், இந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்பதுதான் அவர்களுடைய அடுத்த கேள்வியாக இருந்திருக்கும். அதற்கான பதில், நான் தினமும் நுழைந்து வெளிவந்த தொழிற்சாலைக் கேட்டுக்குப் பின்னால், உப்பிட்ட தோல்களைக் கழுவி வெளியேற்றும் தண்ணீரில் இருந்தது. அதுமட்டுமல்ல. அதற்கு முந்தின மாதம்தான் தெருக் கூட்டத்தில் எழுந்து, நான் இருக்கும்வரை நம் கிணற்றைப் பற்றி யாரும் பயப்படத் தேவையில்லை என்று பேசியிருந்தேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை நான் திருப்பிக் கொடுக்க விரும்பவில்லை.

சொன்ன சொல் நிற்கவேண்டுமானால் என் வீடும் அந்தத் தண்ணீரையே குடிக்கவேண்டும் அல்லவா? குடித்தோம். அப்போது எங்களுக்குப் பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். சில ஆண்டுகளில் கேன் தண்ணீர் ஆட்டோவில் வர ஆரம்பித்தது. தெருவில் ஒவ்வொரு வீடாக வாங்கத் தொடங்கினார்கள். என் மனைவி ஒருநாள், “நாமளும் ரெண்டு கேன் போடச் சொல்லலாங்களா?” என்று கேட்டாள். கெமிஸ்ட் வீட்டு வாசலில் கேன் இறங்கினால் தெரு என்ன பேசும் என்று கேட்டேன். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் ஓய்வு பெற்று, குழாயில் ஆற்றுத் தண்ணீர்த் திட்டம் வரும்வரை, எங்கள் வீட்டில் கிணற்றுத் தண்ணீர்தான்.

அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டுவிட்டன என்று வேலூர் மருத்துவமனையில் சொன்னார்கள். காரணம் அந்தத் தண்ணீர்தான் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. அவளுக்குச் சர்க்கரை இருந்தது, ரத்த அழுத்தம் இருந்தது. இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். யாரும் கேட்காதபோதும் சொல்லியிருக்கிறேன்.

வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அந்த நோயின் கொடுமை என்னவென்றால், உடம்பிலிருந்து தண்ணீர் வெளியே போகாது; ஆகவே உள்ளேயும் அதிகம் போகக்கூடாது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு சிறிய பாட்டிலில் மருத்துவமனைச் செவிலியர் கோடு போட்டுக் கொடுத்திருந்தார். காபி, ரசம், மாத்திரை விழுங்குவது எல்லாம் அந்தக் கோட்டுக்குள் அடங்கவேண்டும். அவள் மூடியில் ஊற்றி, மூடியிலிருந்து நாக்கை நனைத்துக்கொள்வாள். நான் அவள் எதிரில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டேன். சமையலறைக்குப் போய்க் குடித்துவிட்டு வருவேன். என் இரண்டு சிறுநீரகங்களும் இன்றுவரை நன்றாக இருக்கின்றன.

டயாலிசிஸில் அவளுக்குப் பக்கத்துக் கட்டில், குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பத்துப் பெண்மணி. அந்தப் பெண்மணிதான் ஒரு ஏரியைப் பற்றிச் சொன்னது. குடியாத்தத்தைத் தாண்டி, ஆந்திர எல்லை மலைகளுக்கு நடுவே ஒரு நீர்த்தேக்கம். அந்த வருடம் மழையில் நிரம்பி வழிந்து, பிறகு சற்றே உள்வாங்கியதில் கரையெல்லாம் கூழாங்கல். பிள்ளைகள் அதைக் ‘கூழாங்கல் பீச்’ என்று கூப்பிட்டு, போட்டோ பிடிக்கக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். கைப்பேசியில் படத்தையும் காட்டியிருக்கிறாள். ஆனால் என் மனைவியின் மனத்தில் தங்கியது படமல்ல.

“அந்தத் தண்ணியில பருப்பு போட்டா பூ மாதிரி வேவுதாம். உப்பே கிடையாதாம். ஒரு கேன் எடுத்தாரலாங்க. எனக்கு இன்னா, ஒரு நாளைக்கு அவ்ளோதானே? ஒரு கேன் இருந்தா ரொம்ப நாள் வரும். இருக்கிற வரைக்கும் நல்ல தண்ணியா குடிச்சிட்டுப் போறேன்.”

திருமணமாகி இத்தனை ஆண்டுகளில் அவள் தனக்கென்று கேட்டது மிகக் குறைவு. சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை டயாலிசிஸ் இல்லை. பக்கத்துத் தெருவில் பழைய ஆம்னி வேன் வைத்து ஓட்டும் பாயை வரச்சொன்னேன். அவரும் என்னைப்போல ஐம்பதைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டவர். வண்டி அவரைவிடத் தளர்ந்தது. வேன் வந்து நின்றபோது என் மனைவி ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கேனைப் பழைய டர்க்கித் துண்டில் சுற்றி எடுத்துவந்தாள். தெருவில் போகிறவர்கள் கண்ணில் படக்கூடாது என்று அவளாகவே சுற்றியிருந்தாள். நான் சொல்லவில்லை. சொல்லியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

மாதனூரில் திரும்பிப் பாலாற்றைக் கடந்தோம். ஆறு முழுக்க மணலும் சீமைக் கருவேலமுமாகக் கிடந்தது. பாய் வாயை மூடவில்லை.

“வண்டிக்கு தாகம் ஜாஸ்தி சார். முப்பது கிலோமீட்டர் போனா ஒரு சொம்பு கேக்கும். பேஜார் பண்ணாது, கேட்டதைக் குடுத்துட்டா போதும்.”

“என்ன மாதிரி இல்ல பாய்” என்றாள் என் மனைவி. “நான் கேட்டாலும் குடுக்கமாட்டாங்க.”

பாய் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த இடத்தின் அழகை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மூன்று பக்கமும் மலை. நடுவில், எதிர்க்கரையில் மேயும் மாடுகள் எறும்பாகத் தெரியுமளவுக்குத் தண்ணீர். காற்று அதைச் சிறு சிறு அலைகளாக்கிக் கரைக்குத் தள்ளியது. அலை திரும்பும்போது கற்கள் ஒன்றோடொன்று உரசி, யாரோ வாய்க்குள்ளேயே பேசிக்கொள்வதுபோல ஒலி எழுந்தது. முட்டை வடிவில், கொய்யாப்பிஞ்சு அளவில், உளுந்து அளவில் என்று கற்கள் வரிசை வரிசையாகப் படிந்திருந்தன. காய்ந்த கல் சாம்பல் நிறம். அதையே தண்ணீரில் நனைத்தால் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் வெளியே வரும். ஒரு கல் வெளிர்நீலமாக இருந்தது. எங்கள் தொழிற்சாலையில் பதனிடும் குரோம் ரசாயனத் தொட்டியிலிருந்து ஈரமாக எடுத்துப்போடும் தோலுக்கு அதே நீலம்தான். அந்தக் கல்லை நான் எடுக்கவில்லை.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். கல் குத்தும், மாட்டிக்கொள் என்றேன். கேட்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பொது இடத்தில் அவள் அப்படிப் பிடித்தது அதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன். ஊசி போடுவதற்காக இடது முன்கையில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடம் ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வு என் சட்டைத் துணியைத் தாண்டி எனக்குத் தெரிந்தது.

“கடல் மாதிரி கீதுங்க” என்றாள்.

“கடல் உப்பு” என்றேன்.

“ஆமா. நம்ம கிணறு மாதிரி.”

கணுக்கால் அளவுத் தண்ணீரில் அவளை ஒரு பெரிய கல்லின்மேல் உட்காரவைத்தேன். அவள் குனிந்து இரண்டு கைகளாலும் தண்ணீரை அள்ளினாள். அடியில் கிடந்த கற்கள் அவள் விரல்களுக்கு நடுவே தெரிந்தன. உள்ளங்கை நிறைய இருந்த அந்தத் தண்ணீரை வாய்க்கு அருகே கொண்டுபோய் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“குடிக்கலாமா?”

அன்று காலையிலேயே அவள் அந்த நாளின் அளவில் பாதியைக் குடித்து முடித்திருந்தாள். தவிர, மாடு இறங்கும் தண்ணீர், காய்ச்சாத தண்ணீர், அவளுடைய உடம்பில் எதிர்ப்புச் சக்தி என்று ஒன்றும் மிச்சமில்லை. நான் படித்த படிப்பு எல்லாவற்றையும் ஒரே நொடியில் எனக்குச் சொன்னது.

“கூடாது. குடிக்கக் கூடாது” என்றேன்.

அவள் கைகளைப் பிரித்தாள். தண்ணீர் விழுந்தது. பிறகு சிரித்தாள், கேலியாக அல்ல, வெகுநாளாகத் தேடிய பொருள் அலமாரியின் மேல்தட்டில் கிடைத்துவிட்டதுபோல.

“இத்தனை வருஷம் கழிச்சி இப்பதான் அந்த வார்த்தை வாயில வந்துதா?”

அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. புரியாததுபோல, “என்ன?” என்றேன்.

“ஒண்ணுமில்ல. கேனை ரொப்புங்க. வீட்டுக்குப் போய் காய்ச்சிக் குடிக்கிறேன்.”

கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். அந்தக் கோலத்தில் ஊரார் என்னைப் பார்த்ததில்லை. முதலில் அலசிக் கொட்டுங்க, கரையோரமா வேணாம், இன்னும் கொஞ்சம் உள்ள போங்க, கலங்காம அமுக்குங்க என்று அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஏவிக்கொண்டிருந்தாள். அவள் குரலில் பழைய தெம்பு இருந்தது. கேன் நிறைந்தது. மூடியைத் திருகிக் கரைக்குத் தூக்கிவந்து வைத்துவிட்டு, அவளையும் கைபிடித்துக் கரையேற்றினேன். வெயிலில் அது தண்ணீர் என்றே தெரியாத அளவுக்குத் தெளிவாக இருந்தது. அவள் கேனைத் தடவிப்பார்த்தாள். பிறந்தநாளுக்குப் புடவை வாங்கிக்கொடுத்தபோதுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் கேட்டது.

“ஏய், கெமிஸ்ட் சார்டி!”

ஷூ தொழிற்சாலையில் மேல்பாகம் தைக்கும் பகுதியில் வேலை செய்யும் பெண்கள் நான்கு பேர், விடுமுறைக்கு ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தார்கள். கூப்பிட்டவள் எங்கள் தெருக்காரி. அன்று மாலை என் வாசலில் நின்ற ஐந்தாறு பேரில் அவளும் ஒருத்தி. அப்போது புதுப்பெண், இப்போது தலை பாதி நரைத்தவள். அவசரமாகக் கால்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டேன். அது நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டது.

“யாருடி?” என்றாள் கூட வந்தவள்.

“எங்க தெரு கெமிஸ்ட் சார். இவரு ஒண்ணு சொல்லிட்டாருன்னா அதுக்கு மேல அப்பீலே கிடையாது. அக்கா, நல்லா கீறீங்களா? இன்னா இப்டி எளைச்சிட்டீங்க?” என்று என் மனைவியின் கையைப் பிடித்தவள், கேனைப் பார்த்துவிட்டாள். கண்கள் விரிந்தன. “இன்னா சார் இது, கேனு? நீங்களுமா? ஊரே கேன் போட்டப்ப, கெமிஸ்ட் சார் வூட்லயே கிணத்துத் தண்ணிதான் குடிக்கிறாங்க, உனக்கு இன்னா கேடுன்னு எங்க மாமியார் என்னை ரெண்டு வருஷம் கேன் போடவுடல சார்! இப்ப நீங்களே குடியாத்தம் தாண்டி வந்து தண்ணி புடிக்கிறீங்க!”

நால்வரும் சிரித்தார்கள். அதில் துளியும் விஷமில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு. ‘ஆமாம்மா, அக்காவுக்காக’ என்று நான் சொல்லியிருந்தால், அடுத்த நிமிடம் செல்ஃபி எடுக்கப் போயிருப்பார்கள்.

“இது வண்டிக்கு” என்றேன். “ரேடியேட்டரில் ஊற்ற.”

என் மனைவி தலையைத் திருப்பி என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதானே பார்த்தேன்” என்றாள் தெருக்காரி, நிம்மதியாக. “வண்டி எங்க சார்? நீங்க ஏன் தூக்குறீங்க, குடுங்க.” நான் தடுப்பதற்குள் கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு வேனை நோக்கி நடந்துவிட்டாள். “பாய், இந்தாங்க, சார் வண்டிக்குத் தண்ணி குடுத்தனுப்புறாரு!”

நான் மனைவியைப் பின்னாலேயே கூட்டிவந்து வேனில் உட்காரவைத்தேன். பாய் அப்போதுதான் தன் கேனிலிருந்து வண்டிக்கு ஊற்றி முடித்திருந்தார். “இல்லம்மா, இப்பதான் நான்...” என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்தார். மரியாதை தெரிந்தவர். ஒன்றும் கேட்காமல் கேனை வாங்கி, நிறைந்திருந்த இடத்திலேயே ஊற்ற ஆரம்பித்தார். தண்ணீர் உள்ளே போகாமல் வழிந்து, வண்டிக்கு அடியில் கூழாங்கற்களின்மேல் ஓடியது. கற்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறின. பெண்கள் போகட்டும் என்று அவர் மெதுவாகத்தான் ஊற்றினார். அவர்கள் போகவில்லை, அந்தத் தெருக்காரி என் மனைவியிடம் மருத்துவமனையைப் பற்றி விசாரித்துக்கொண்டே கடைசிவரை நின்றாள். கேன் காலியானதும் அவளே வாங்கி, மூடி, “இந்தாங்கக்கா” என்று என் மனைவி மடியில் வைத்தாள்.

அவர்கள் போன பிறகு மறுபடி நிரப்பியிருக்கலாமே என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்பார்கள். நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்கள் போகவில்லை. நாங்கள் கிளம்பும்வரை கரையிலேயே உட்கார்ந்து கட்டுச்சோறு பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்து, நேரமாகிவிட்டது என்றேன்.

திரும்பும் வழியில் கேனுக்குள் ஏதோ உருண்டுகொண்டே வந்தது. நிரப்பும்போது ஒரு சிறு கல் உள்ளே போயிருக்கிறது. ஊற்றும்போது அது மட்டும் விழாமல் தங்கிவிட்டது. வண்டி குலுங்கும்போதெல்லாம் கடகடவென்று சத்தம். பாயும் இப்போது பேசவில்லை. குடியாத்தம் பேருந்து நிலையத்துக்கு அருகே, டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி இறங்கிப்போனார். வேனில் நாங்கள் இருவர்தான்.

“நம்ம பசங்க ரெண்டு பேரும் அந்தத் தண்ணியக் குடிக்கல” என்றாள்.

“எந்தத் தண்ணி?”

“கிணத்துத் தண்ணி. பின்னாடி வூட்டு பாயம்மா அவங்க சொந்தக்காரங்க தோட்டத்திலேர்ந்து நல்ல தண்ணி கொண்டாருவாங்க. கொல்லைப்பக்கமா ஒரு குடம் வாங்கி, பசங்களுக்கு மட்டும் தனியா மூடி வெச்சிருந்தேன். ஸ்கூல் பாட்டில்ல கூட அதான். ஒரு குடத்துக்கு மேல கேக்க எனக்கு வாய் வரல. நீங்களும் நானும் கிணத்துத் தண்ணி. உங்க பேர் கெட்டுப்போவக் கூடாதுன்னு முன்வாசல் வழியா ஒரு நாளும் நான் தண்ணி கொண்டாரல.”

இதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை. மளிகைச் சாமான் தீர்ந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். அவள் கேனை லேசாக ஆட்டினாள்; கல் ஒருமுறை உருண்டு நின்றது.

“எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. சண்டை போடமாட்டேன். இனிமே சண்டை போட்டு இன்னா ஆவப்போது? அன்னிக்கு குடிக்கலாம்னு சொன்னீங்களே, தெரிஞ்சி சொன்னீங்களா, தெரியாம சொன்னீங்களா?”

ஓட்டுநர் முன்னால் இருந்தார், அதனால் சொல்ல முடியவில்லை என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அவர் டீக்கடையில் இருந்தார். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. கேட்க ஒருவரும் இல்லை. அவள் கேட்டது சமாதானமல்ல, ஒரு சொல். தெரியும் அல்லது தெரியாது. தெரியும் என்று சொல்லியிருந்தால் அவள் தலையாட்டிவிட்டுச் சீட்டில் சாய்ந்திருப்பாள் என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

“அந்தக் காலத்து அளவுப்படி சரியாகத்தான் இருந்தது” என்றேன்.

அவள் என்னைச் சிறிது நேரம் பார்த்தாள். “சரி” என்றாள். பிறகு துண்டை எடுத்துக் காலிக் கேனைப் பழையபடி சுற்றினாள். தெருவுக்குள் நுழையும்போது யாரும் பார்த்துவிடக் கூடாதல்லவா?

அதன் பிறகு அவள் ஏழு மாதங்கள் இருந்தாள். அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. நான் தினமும் எதிர்பார்த்தேன். மருத்துவமனைக்குப் போகும் வழியில், பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் வண்டிகள் நிற்கும்போதெல்லாம், இப்போது கேட்டால் சொல்லிவிடுவேன் என்று நினைப்பேன். கேட்காமலே சொல்ல எனக்குத் தெரியவில்லை. கடைசி வாரத்தில் உதட்டை நனைக்க மட்டும் பஞ்சில் தண்ணீர் தொட்டு வைத்தார்கள். அது மருத்துவமனைக் குழாய்த் தண்ணீர். உப்பா, நல்லதா என்று அவள் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, அந்தத் தெருக்காரி மட்டும் பாத்திரங்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். அவளிடமாவது சொல்லிவிடவேண்டும் என்று தோன்றியது. அவளும் குடித்தவள்; என் பெயரால் இரண்டு ஆண்டுகள் கூடுதலாகக் குடித்தவள். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டேன். உட்கார்ந்தபடி சொல்லக்கூடிய விஷயமாக அது எனக்குப் படவில்லை.

“அந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கக் கூடாத தண்ணீர் அம்மா. எனக்கு அப்போதே தெரியும்” என்றேன்.

அவள் கையில் இருந்த அண்டாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் கண்கள் நிறைந்தன. நான் எதிர்பார்த்தது அதற்கு அடுத்து வரவேண்டிய கோபத்தை. அது வரவில்லை.

“அப்டிலாம் பேசாதீங்க சார். அக்கா போன துக்கத்துல உங்களுக்கு இன்னா இன்னாவோ தோணுது. நீங்களுந்தானே குடிச்சீங்க? தெரிஞ்சிருந்தா குடிப்பீங்களா? நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருந்திருக்கும்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அந்தக் கிணத்தையே மூடி மேல செல்போன் டவர் வெச்சிட்டாங்க. அதப் போய் இன்னாத்துக்கு நெனைச்சினு இருக்கீங்க? போய்ப் படுங்க சார்.”

இன்னொரு முறை சொல்லியிருக்கவேண்டும். கரைசல் இறங்கிய கணக்கையும், மாறாத மஞ்சளையும், கழுவிக் கவிழ்த்த குடுவையையும் சொல்லியிருக்கவேண்டும். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பார்வையில், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் சேர்த்துவைத்த மரியாதை அத்தனையும் அப்படியே இருந்தது. நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன்.

இப்போது எங்கள் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் காலையில் கேன் இறங்குகிறது. என் வீட்டிலும் இறங்குகிறது. யாரும் ஒன்றும் பேசுவதில்லை. சீசாவில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, “சார், இது குடிக்கலாமா?” என்று கேட்டு யாரும் வருவதும் இல்லை.